கண்ணளவுக்காரரும் ரப்பர் முகமும்

வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அடிப்பவர்கள் ஒரு வகை. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அடிப்பவர்கள் இன்னொரு வகை. கண்ணளவுக்காரர் இரண்டாம் வகை. அதிலும் முதல் வரிசை.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் அவருக்கு இடம் கிடைத்தது. பதினொரு வயதில் ஒரு பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கப் போனவர், இருபத்தாறு வயதில் சொந்தமாக ஷெட் போட்டார். யாரும் கைதூக்கி விடவில்லை. நாற்பத்திரண்டு வருடம் கார், வேன், லாரி, ஒரு தடவை ஆம்புலன்ஸ்கூட அவர் கையில் குளித்துப் புதுசாகிப் போயிருக்கிறது. அவர் முடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். நிறம் கலக்க அளவுகோப்பை, மெஷின் எதுவும் அவருக்குக் கிடையாது. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், இரண்டு சொட்டு விடுவார், சரியாக இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்து இந்தப் பெயரைச் சொல்வதென்றால் சும்மாவா.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு ரப்பர் முகமூடி ஆறு நாள் படாத பாடு படுத்தியது.

வினையை அவரேதான் கூப்பிட்டு உட்கார வைத்தார். மருமகள் நர்சுகளுக்குப் பாடம் எடுக்கிற பள்ளியில் ஆசிரியை. அங்கே ஒரு கிழவர் முகமூடி இருக்கிறது. தலையிலிருந்து கழுத்தெலும்பு வரை வருகிற முழு ரப்பர் முகம். பள்ளியின் பியூன் அதை மாட்டிக்கொண்டு கட்டிலில் நோயாளியாகப் படுப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பரீட்சை. அந்த முகமூடியில் பெயின்ட் உரிந்துவிட்டது என்று சாப்பிடும்போது மருமகள் சொல்லப்போக, "பெயின்ட்தானே? கொண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் பெயின்ட்காரர், கேட்டவள் மருமகள். பின்வாங்க முடியுமா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருமகள் ஒரு துணிப்பையில் அதைக் கொண்டுவந்து ஷெட்டு மேஜைமேல் வைத்தாள். கன்னத்தில் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. நெற்றியில் பாதி நிறம் இல்லை. கழுத்து மடிப்பில் தொட்டால் தூள் உதிர்ந்தது.

"இதைச் செஞ்சவன் எங்கே இருக்கான்?"

"வெளியூர்ல ஒரு கம்பெனி, மாமா. திருப்பி அனுப்பினா ரெண்டு மாசம் ஆகுமாம். பரீட்சை திங்கட்கிழமை."

"இந்த மூஞ்சிக்கு ரெண்டு மாசமா? ஒரு லாரியவே நான் நாலு நாள்ல முடிச்சிருக்கேன்."

"லாரி இருமாதே மாமா. இவரு இருமுவார், வாயைத் திறப்பார். இழுத்து இழுத்துத்தான் மாட்டணும். அந்த இழுப்புக்குத் தாங்கற பெயின்ட் வேணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"இன்னொண்ணு. புதுசா எதுவும் பண்ண வேண்டாம். எப்படி இருந்ததோ அப்படியே இருந்தாப் போதும். பிரின்சிபாலம்மா வெளியே குடுக்க மாட்டேன்னாங்க. நான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தப் பரீட்சையை நான் நடத்தறது இதுதான் முதல் தடவை."

"எப்படி இருந்ததோ அப்படியா? அதைவிட நல்லா இருந்தா வேண்டாம்பாங்களா உங்க பிரின்சிபாலம்மா?" என்றார் கண்ணளவுக்காரர். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முகமூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர் வீட்டில் அதுதான் அடையாளம்.

புதன்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தார். எந்த வண்டியானாலும் முதல் வேலை கழுவுவது. சோப்புத் தண்ணீரில் கழுவினார், உரிந்ததெல்லாம் வந்தது. அது சரியான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் உதட்டில் நீலமும் சாம்பலுமாக ஏதோ அப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழேயும் அதே கறை. கண்டவர்கள் கண்ட கையோடு தொட்டிருக்கிறார்கள் என்று பல்தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். போகவில்லை. பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தார். போயிற்று. உதடு இரண்டும் பச்சைக் குழந்தை உதடு போல வெளுத்து வந்தது. நாற்பத்திரண்டு வருடக் கை. விடுமா?

அதே துணியால் காதையும் ஒரு துடை துடைத்தார். சற்றைக்கெல்லாம் காது பெருக்க ஆரம்பித்தது. ஓரமெல்லாம் நெளிந்து, மழையில் ஊறின அட்டை மாதிரி தொங்கிற்று. கண்ணளவுக்காரர் உள்ளே ஓடினார். மின்விசிறியைக் கழற்றி வந்து காதுக்கு நேராக வைத்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்தில் தின்னர் பறந்து, காது பழைய அளவுக்கு இறங்கியது. முழுசாக இல்லை. இடது காது வலதைவிட ஒரு நூல் பெரிசு. இதை அவர் இன்றுவரை மருமகளிடம் சொல்லவில்லை.

அடுத்த வேலை பட்டி. வண்டியில் எங்கே குழி கண்டாலும் பட்டி வைத்து அடைத்துத் தேய்ப்பது அவர் கைக்குப் பழக்கம். முகமூடியைப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் குழி, எங்கே பார்த்தாலும் வரி. பட்டித் தகட்டை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோன நேரத்தில் டீ கொண்டுவந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"மேடு பள்ளமா இருக்கு. சமன் பண்றேன்."

"அது கிழவன் மூஞ்சிங்க. சுருக்கத்தை அடைச்சிட்டா யாரு அவரு? மாப்பிள்ளையா?"

பட்டித் தகட்டைக் கீழே வைத்தார். டீயைக் குடிக்காமலேயே "டீயில சர்க்கரை இல்ல" என்றார்.

வியாழக்கிழமை பெயின்ட். முதலில் எனாமல். புத்தி இருந்ததால் முகத்தில் கை வைக்கவில்லை. சட்டைக்குள் மறைகிற கழுத்து ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அடித்தார். காய்ந்ததும் பளபள என்று வந்தது. அவருக்கு அப்படியே முழு முகத்தையும் முடித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ரப்பரை இழுத்துப் பார்த்தார். வறண்ட குளத்துச் சேறு போலப் படபடவென்று வெடித்து, துண்டு துண்டாக எழும்பி நின்றது. ஊதினால் பறந்தது.

பெயின்ட் கடைக்குப் போனார். கடைக்காரர் மருமகள் வயசுக்காரர், படித்தவர். எதைக் கேட்டாலும் ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறவர்.

"வளையற பெயின்ட் வேணும்."

"எதுக்கு, பெரியவரே? பம்பருக்கா?"

"ஆமா, பம்பருக்குத்தான்." முகமூடிக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பம்பர் பெயின்ட்டில் கலக்கிற ஒரு திரவத்தைக் கடைக்காரர் கொடுத்தார். கலந்து அடித்துக் காயவைத்து இழுத்தார். பத்து இழுப்பு தாங்கியது. பதினோராவது இழுப்பில் அதுவும் வெடித்தது. மறுபடி கடைக்குப் போனார்.

"பம்பர்ல வெடிக்குதா? எப்படிங்க? எவ்வளவு வளைச்சீங்க?"

"ரெண்டா மடிச்சேன்."

"பெரியவரே, பம்பரை எதுக்கு ரெண்டா மடிக்கணும்?"

கண்ணளவுக்காரர் சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ப் பெயின்ட் ஒரு சின்ன டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். சுவர்ப் பெயின்ட்டைக் கையால் தொடுவதே அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதையும் தொட்டார். அது வெடிக்கவில்லை. முழுத் தோலாக, பாம்புச் சட்டை மாதிரி, ஒரே உரியாக உரிந்து கையோடு வந்தது. கழுத்து ஓரத்தில் இப்போது மூன்று கோட்டின் தடம், மூன்றும் தண்டம். சாயங்காலம் மருமகள் எட்டிப் பார்த்து, "எப்படிப் போகுது மாமா?" என்றாள்.

"முடிஞ்ச மாதிரிதான்."

வெள்ளிக்கிழமை காலையில் மனைவிதான் சொன்னாள். "ரப்பரைப் பத்தித் தெரியணும்னா ரப்பர்காரரைக் கேளுங்க. எதிர்க்கவேதானே இருக்காரு."

எதிரில் பஞ்சர் கடை. இவரும் பஞ்சர்கடைக்காரரும் இருபது வருடமாக ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருக்கிறவர்கள். சண்டை கிடையாது, நாக்குதான் நீளம். "ஓட்டை அடைக்கிறதெல்லாம் ஒரு தொழிலாய்யா?" என்று இவர் கேட்பார். "மேல்பூச்சுக்காரனுக்கு உள்ளே காத்து இருக்கிறதே தெரியாதய்யா" என்று அவர் சொல்வார். அந்த மனிதரிடம் போய் எப்படி வாய் திறப்பது? கண்ணளவுக்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு காற்று அடிக்கப் போவது போலப் போனார். முகமூடி இருந்த பையும் கையில் இருந்தது.

"காத்து சரியாத்தானேய்யா இருக்கு" என்றார் பஞ்சர்கடைக்காரர், டயரை மிதித்துப் பார்த்து. "பையில என்ன? தலையா?"

இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னார். காது கதையை மட்டும் விட்டுவிட்டார். பஞ்சர்கடைக்காரர் முகமூடியை வாங்கி, டியூபை இழுத்துப் பார்ப்பது போல இழுத்து, உள்ளே கைவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்து ஓரத்து மூன்று கோட்டையும் பார்த்தார். சிரிப்பார் என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"ரப்பர் மேல ரப்பர்தான்யா நிக்கும். பெயின்ட் எப்படி நிக்கும்? டியூப்ல ஒட்டுப் போடறப்போ நான் என்ன பெயின்ட்டா தடவறேன்?"

"அப்போ?"

"சொல்யூஷன். அதுவும் கரைச்ச ரப்பர்தான். அதுல உன் கலரைக் கலந்து அடி. கலர், படம் வரையறவங்க வாங்குவாங்களே, ட்யூப்ல வர்ற எண்ணெய்க் கலர், அதா இருக்கணும். தண்ணிக் கலர் சேராது. கெட்டியா இருந்தா இளக்கறதுக்கு இதை ஊத்து, நான் ஊத்தறதும் இதுதான்." ஒரு சொல்யூஷன் டப்பாவும், பாதி பாட்டில் திரவமும் எடுத்துக் கொடுத்தார். "காத்தோட்டமான இடத்துல பண்ணு. மூடிக்கிட்டுப் பண்ணினா நீயும் இவரும் சேர்ந்து படுத்துடுவீங்க."

எழுதுபொருள் கடையில் ட்யூப் கலர் வாங்கி வந்து, கலந்து, கழுத்து ஓரத்தில் நாலாவது கோடு போட்டார். காய்ந்ததும் இழுத்தார். முப்பது தடவை இழுத்தார். கை வலித்ததே தவிரக் கோடு அசையவில்லை. ரப்பரோடு சேர்ந்து நீண்டு ரப்பரோடு சேர்ந்து சுருங்கியது. அவருக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஓட்டை அடைக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறதே.

சரி, கலவை கிடைத்தாயிற்று, பெயின்ட் பீய்ச்சுகிற கன்னில் ஊற்றி அரை மணியில் முடித்துவிடலாம் என்று கம்ப்ரசரைப் போட்டார். கன் வாயிலிருந்து பெயின்ட் வரவில்லை. நூல் நூலாகச் சிலந்தி வலைதான் வந்தது. முகமூடிமேல், மேஜைமேல், அவர் மீசைமேல் எல்லாம் வலை. பிறகு கன் அடைத்துக்கொண்டது. அதைக் கழுவி, மீசையில் ஒட்டியதைக் கத்தரித்து எடுக்கவே மதியமாயிற்று. நாற்பத்திரண்டு வருடம் கன் பிடித்த மனிதர், பாத்திரம் தேய்க்கிற பஞ்சைப் பிய்த்து, அதைக் கலவையில் தொட்டுத் தொட்டு ஒற்ற உட்கார்ந்தார். கன்னம் உள்ளே விழாமல் இருக்க முகமூடிக்குள் பழைய துணியைத் திணித்து வைத்தார். ஒரு கைப் பூச்சு அடித்து, அது காய்ந்ததும் அடுத்த கை. முதல் கை காய்ந்தபின் தூக்கினால் தாடையும் கழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் சர்ரென்று சத்தம் கேட்டது. மனைவியின் முகப்பவுடர் டப்பாவைக் கேட்காமல் எடுத்து வந்து பூசினார். ஒட்டல் நின்றது. அது அவர் சொந்தப் புத்தி. பஞ்சர்கடைக்காரர் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் முகம் முடிந்தது. அப்படி ஒரு முகம். கன்னத்தில் இளஞ்சிவப்பு ஓடியது. உதடு ரோஜா நிறம். நெற்றி வழவழவென்று, சுருக்கம் இருந்தாலும் சொகுசாக வாழ்ந்தவரின் சுருக்கம் போல இருந்தது. வண்டி முடிந்தால் செய்வது போலவே வெளிச்சத்தில் முக்காலி போட்டு, முகமூடியை வைத்து, மேலே துணி மூடி, மருமகள் அரைநாள் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார். மனைவியையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத் துணியை எடுத்தார்.

மருமகள் குனிந்து பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். கன்னத்தை இழுத்துப் பார்த்தாள்.

"உரியவே இல்லையே. என்ன போட்டீங்க மாமா?"

"அது தொழில் ரகசியம். மூஞ்சி எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்காரு."

"அப்படிச் சொல்லு."

"அதான் மாமா கஷ்டம்." அவள் முக்காலிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இவருக்கு நுரையீரல் கோளாறு. மூச்சு முட்டுது. உதடு நீலமா இருக்கும், கண்ணுக்குக் கீழே சாம்பல் அடிச்சிருக்கும், மூஞ்சி வெளிறிப் போயிருக்கும். பிள்ளைங்க உள்ளே வந்ததும் அதைப் பாத்துதான் கண்டுபிடிக்கணும். இப்ப பாத்தா இவரு நம்மளையெல்லாம் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்ப்பாரு."

"அந்த நீலம் அழுக்கு இல்லையா?" என்றார் கண்ணளவுக்காரர்.

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"எப்படி இருந்ததோ அப்படியேன்னு சொன்னேனே மாமா."

"வண்டிக்காரன் ஒவ்வொருத்தனும் அப்படித்தாம்மா சொல்லுவான். புதுசாக்கிக் குடுத்தா வாயெல்லாம் பல்லா எடுத்துட்டுப் போவான். நாப்பத்திரண்டு வருஷத்துல ஒருத்தன் வந்து, இதைச் சீக்காளியா ஆக்கிக் குடுன்னு கேட்டிருப்பானா?"

மருமகள் பதிலுக்குக் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்க எளிதாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. "திங்கட்கிழமை நான் பிரின்சிபாலம்மாகிட்ட சொல்லிக்கறேன் மாமா. பரீட்சையைத் தள்ளி வெக்கச் சொல்லிடறேன்" என்று எழுந்தாள். முதல் தடவை அவளிடம் கொடுத்த பரீட்சை. இனிமேல் கொடுப்பார்களா? அந்த எழுந்த விதம்தான் அவரை உறுத்தியது.

"உக்காரு" என்றார். "எவ்வளவு நீலம்?"

நிறம் எவ்வளவு என்று அவர் இன்னொருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனைவிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவுன்னா எப்படி மாமா சொல்றது? நான் சொட்டுக் கணக்குச் சொன்னா அது மருந்துக்குத்தான் சரியா இருக்கும்."

"அப்போ பாத்துச் சொல்லு."

நீலத்தை அப்படியே எடுத்து உதட்டில் ஒற்றினார். கிழவர் மைப்புட்டியைக் குடித்த மாதிரி ஆனார். மருமகள் தலையை ஆட்டினாள். துடைத்தார். நீலத்தோடு பழைய ரோஜாவையே கொஞ்சம் விட்டார், ஒரு துளி கருப்பு விட்டார், கலவையைத் தண்ணீர் மாதிரி இளக்கினார். பஞ்சால் ஒற்றி, விரலால் ஓரத்தை மங்க வைத்தார். "இன்னும்" என்றாள். ஒற்றினார். "இன்னும் கொஞ்சம்." ஒற்றினார். கன்னத்துச் சிவப்பின்மேல் வெளிறின மஞ்சள் கலந்த சாம்பலை ஒரு பூச்சு ஓட்டினார். பார்த்துப் பார்த்துச் செய்த சிவப்பு கண்ணெதிரே செத்துப்போயிற்று. கண்ணுக்குக் கீழே ஒற்றும்போது ஓர் இடத்தில் கை தானாக நின்றது. போதும் என்று கண் சொல்லிவிட்டது. அதே நேரத்தில் மருமகளும் "போதும்" என்றாள். கண்ணளவுக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"வயசானவங்களுக்குத் தோல்ல திட்டுத் திட்டா இருக்குமே, அது?" என்றாள்.

"எப்படி இருக்கும்?"

மருமகள் அவருடைய புறங்கையைச் சும்மா ஒரு தடவை பார்த்தாள். அவரும் பார்த்தார். பழுப்புப் புள்ளிகள், பெரிசும் சிறுசுமாக, ஒழுங்கில்லாமல். இது எப்போது வந்தது? முகத்தைச் சுளித்துக்கொண்டே பல்பிரஷ்ஷைப் பழுப்பில் தொட்டு, இழையை விரலால் சுண்டி, தன் கையில் இருந்ததைப் போலவே கிழவரின் நெற்றியோரத்தில் தெளித்தார்.

மருமகள் நாலடி தள்ளி நின்று பார்த்தாள். "இப்ப இவரைப் பாத்தா எனக்கே கை பரபரங்குது மாமா. கட்டில்ல சாய்ச்சு உக்கார வெக்கணும் போல இருக்கு." ஞாயிற்றுக்கிழமை முழுக்க முகமூடி மின்விசிறிக்கு முன்னால் வாடை போகக் காய்ந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மருமகள் வருகிற நேரத்துக்குக் கண்ணளவுக்காரருக்கு வாசலில் ஏதோ வேலை இருந்தது. கழுவின கன்னையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பரீட்சை நல்லா நடந்தது மாமா. பதினெட்டுப் பேர்ல பதினாறு பேர் உதட்டைப் பாத்ததுமே தலைமாட்டை உயர்த்திட்டு ஆக்ஸிஜனைத் தேடிட்டாங்க."

"அந்த ரெண்டு பேரு?"

"பாக்கலை. கால்ல வீக்கம் இருக்கான்னு அமுக்கிக்கிட்டே இருந்தாங்க."

"கண்ணு இல்லாதவங்களையெல்லாம் ஏன் சேர்க்கறீங்க? சரி, பெயின்ட்டைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"பெயின்ட்டைப் பத்தி யாரும் ஒண்ணும் பேசலை மாமா. அதை மாட்டிக்கிட்ட பியூன் மட்டும் உள்ளே பஞ்சர் கடை வாடை வருதுன்னாரு."

"உங்க பிரின்சிபாலம்மா?"

"அவங்க கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எங்கேயோ உரிஞ்சு போச்சுன்னு சொன்னியே, ஒண்ணும் உரியலையே, நல்லாத்தானே இருக்குன்னாங்க."

"நீ சொல்ல வேண்டியதுதானே, இது எங்க மாமா அடிச்சதுன்னு?"

"சொன்னேன். நம்பலை."

கண்ணளவுக்காரர் கன்னைக் கீழே வைத்தார். ஆறு நாள். மூன்று கோடு தண்டம். கன் கழுவியே அரை நாள் போச்சு, மீசையில் பாதி போச்சு, பஞ்சர்கடைக்காரனிடம் மானம் போச்சு. மொத்தத்தில் அவர் அடித்ததே தெரியவில்லையாம். கழுத்து ஓரத்தில் அந்த நாலு கோட்டையாவது அந்த அம்மாள் பார்த்திருக்கக் கூடாதா?

"நாளைக்கு அவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?" என்றார்.

"எதுக்கு மாமா?"

"எத்தனை மணிக்கும்மா வருவாங்க?"

"ஒன்பது மணிக்கு."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "போறது போறீங்க, முன்னாடி மீசையைச் சரி பண்ணிக்கிட்டுப் போங்க. ஒரு பக்கம்தான் இருக்கு."